மெத்தை வீட்டு மாடியும் முந்நூறு எம்.எம். லென்ஸும்

சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். நான் ஸ்டுடியோவை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று யாரோ சொல்லி, போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். "அங்கிள், ஊர் சுத்தி இயற்கைக் காட்சி எடுக்க எந்த ஃபோக்கல் லெங்த் பெஸ்ட்? ஒரே ஒரு லென்ஸ்தான் எடுத்துட்டுப் போகலாம்னா எதை எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு லென்ஸ் என்றதுமே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர்கள் மேல் இல்லை. ஆனால் அவர்கள் முகம் வாடிவிட்டது. அதற்குப் பரிகாரமாக எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். படித்த பிறகும் அந்தக் கேள்வியை இவ்வளவு லேசாகக் கேட்க முடிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லென்ஸின் மேல் ஓர் எண் இருக்கும். இருபத்தெட்டு மாதிரி சின்ன எண் என்றால் முன்னால் இருப்பதை எல்லாம் அகலமாக அள்ளும். ஐம்பது நடுவாந்தரம். இருநூறு, முந்நூறு என்று போனால் தூரத்தில் இருப்பதைப் பிடித்துக் கிட்டே இழுத்து வரும். அப்படி இழுத்து வரும்போது உங்கள் காலடியில் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் வெளியே தள்ளிவிடும். இழுத்து வருவதைப் பற்றித்தான் எல்லாரும் வாய் நிறையப் பேசுகிறார்கள். வெளியே தள்ளுவதைப் பற்றி எவனும் பேசுவதில்லை.

நான் வேடந்தாங்கல் போகிற வழியில் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவன். அப்பாவுக்குக் கையகல நிலம் கிடையாது. ஊரார் நிலத்தில் கூலி. மிஷன் பள்ளியில் படித்துவிட்டுச் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவினேன், கல்யாணத்துக்கு விளக்குப் பிடித்தேன், பிறகு நானே கல்யாணம் எடுத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு அச்சக முதலாளி என்னை மாதச் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டார். காலண்டர், பிக்சர் போஸ்ட் கார்டு, ஓட்டல்காரர்களுக்கு வழவழப்பான விளம்பரப் புத்தகம், இதுதான் அவர் தொழில். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் உள்ள கோயில், ஏரி, மலை, மணல் எல்லாம் என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

முதலாளியின் பெயர் வேண்டாம். நாங்கள் 'சார்' என்போம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காலையில் அவர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. லென்ஸ்கள் எல்லாம் அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கும். சாவி அவர் இடுப்பில். "இன்னிக்கு எங்கப்பா?" என்பார். இன்ன இடம் என்று சொன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடத்தை மனதுக்குள் பார்க்கிறார். பிறகு பீரோவைத் திறந்து ஒரே ஒரு லென்ஸை எடுத்து, கண்ணாடி மேல் வாயால் ஊதி, மான்தோலால் வட்டம் வட்டமாகத் துடைத்து, என் கையில் வைப்பார். நாள் ஒன்றுக்கு ஒரு லென்ஸ். இரண்டாவது கேட்கக் கூடாது.

ஒருமுறை கேட்டேன். "ரெண்டு இருந்தா யோசிச்சுக்கிட்டே இருப்ப. ஒண்ணு இருந்தா எடுப்ப" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஒற்றை லென்ஸோடு போனால் கால் நடக்கும், கண் தேடும், படம் அமையும். அவருக்கு அபாரமான கண். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். அவர் கண்ணை மூடி முடிவு செய்த லென்ஸ் அந்த இடத்துக்குச் சரியாகத்தான் இருக்கும், அவருக்கு வேண்டிய படத்துக்கு. அவருக்கு வேண்டிய படம் எது என்று யோசிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தப் பீரோவில் ஒரு இருபத்தெட்டும் இருந்தது. நல்ல லென்ஸ். அதை எப்போது கொடுப்பார் தெரியுமா? ஓட்டல் அறை எடுக்க. பத்தடி அறையை மண்டபம் ஆக்கிக் காட்டும். குட்டை மாதிரி இருக்கிற நீச்சல் குளத்தை ஏரி ஆக்கும். அங்கே போகும்போது மட்டும் அகல லென்ஸ். கிராமம், கடற்கரை, மீனவர் குப்பம் பக்கம் போகிறேன் என்றால் இருநூறு அல்லது முந்நூறு. "இருபத்தெட்டு குப்பையையும் சேர்த்து அள்ளிடும்பா" என்பார். "படம்ங்கறது கழிக்கிறது. சேர்க்கிறது இல்ல." சுவரில் ஒட்டி வைக்கலாம் போல இருக்கும் பேச்சு. எதைக் கழிக்கிறார் என்பதைத்தான் அவர் சொன்னதில்லை.

ஒரு வருடம் எங்கள் ஊர் ஏரிக்கே அனுப்பினார். இருநூறு கொடுத்தார். ஏரி, அக்கரையில் மரங்கள், மரங்களுக்கு மேல் கோயில் கோபுரம். அழகான படம். காலண்டரில் கார்த்திகை மாதத்துக்கு வந்தது. அப்பாவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஊராடா இது?"

"ஆமாப்பா."

"நம்ம தெரு எங்கடா?"

"இந்தப் பக்கம்ப்பா. படத்துல வரல."

"அது எப்பத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆணி தேடப் போனார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களின் தெரு, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கேமராவை ஒரு கையளவு திருப்பினால் வந்திருக்கும். அல்லது அந்த இருபத்தெட்டு இருந்திருந்தால் திருப்பாமலே வந்திருக்கும்.

இனி குப்பத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில், ஒரு மீனவர் குப்பம். கடலை ஒட்டி ஓலைக் கூரைகள் நெருக்கமாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் மேடான இடத்தில் ஒரே ஒரு மெத்தை வீடு, அதாவது ஓலை இல்லாமல் சிமெண்டுத் தளம் போட்ட வீடு. அஞ்சலை என்கிற பெண்ணின் வீடு. அவள் புருஷன் வளைகுடா நாட்டில் படகு ஓட்டி அனுப்பிய காசில் கட்டியது. குப்பத்துக்கு வடக்கே மதில் கட்டிக்கொண்டு புதிதாக ஒரு விடுதி வந்திருந்தது. அந்த விடுதிக்காரர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் காலண்டர் கேட்டார்கள். கடல், பாறை, பின்னால் கடற்கரைக் கோயில், இது மூன்றும் ஒரே படத்தில் வேண்டும் என்றார்கள்.

எப்போதும் வராத சார் அன்றைக்குத் தானும் காரில் வந்தார். முதல் நாளே வந்து மணலில் நின்று பார்த்தோம். சரிப்படவில்லை. கடலுக்குள் ஒரு கரும்பாறை இருக்கிறது. ஆள் உயரத்தைவிட உயரம். மணலில் நின்று பார்த்தால் அந்தப் பாறை எழும்பி, கடலும் வானமும் சேரும் கோட்டை வெட்டி, கோயிலின் பாதியை மறைத்துவிடும். சார் திரும்பிப் பார்த்தார். அஞ்சலையின் மெத்தை வீடு கண்ணில் பட்டது.

"தானியேலு, அந்த மாடிக்குப் போய்ப் பாரு."

மறுநாள் விடிவதற்கு முன் மாடியில் நின்றோம். சார் சொன்னது சரி. மாடியில் ஏறியதும் பாறை அடங்கிவிட்டது. அதன் உச்சிக்கு மேலே ஒரு கோடு போலக் கடல், அந்தக் கடலுக்கு மேலே பாறைக்கு நேராகக் கோயில் கோபுரம். முந்நூறைப் போட்டதும் தூரத்தில் கிடந்த கோயில் வந்து பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. பாறையும் கோபுரமும் ஒரே உயரமாகத் தெரிந்தன. விடிகிற வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டரை அரை விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கேமரா மயிரிழை ஆடினாலும் படம் போச்சு. ஸ்டாண்டின் கால்களுக்கு ஈரச் சாக்கு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அஞ்சலை டீ கொண்டுவந்து கொடுத்தாள். சார் குடித்துவிட்டு டம்ளரை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார். "இது போதும்பா. இதுதான் படம்" என்றார்.

எங்கள் காலடியில், மாடிக்கும் கடலுக்கும் நடுவே, அத்தனை ஓலைக் கூரைகளும் புகைந்துகொண்டிருந்தன. அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் வேப்பங்குச்சியோடு என்னை அண்ணாந்து பார்த்தார். முந்நூறின் வழியாகப் பார்த்தால் இதில் ஒரு துரும்புகூட இல்லை. எல்லாம் படச் சட்டத்துக்குக் கீழே. சுத்தமான கடல், சுத்தமான பாறை, சுத்தமான கோயில்.

சார் காரில் ஏறிப் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பழைய சாமான் கடையில் சொந்தமாக ஒரு இருபத்தெட்டு வாங்கி வைத்திருந்தேன். பையில் துணிக்குள் ஒளித்துத்தான் கொண்டுவருவேன். அதை மாட்டி, பிலிமில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்தேன். கூரைகள், படகுகள், காயும் கருவாடு, கிழவர், தூரத்தில் எறும்பு மாதிரி கோயில். கோயில் சிறிதாகப் போனால் என்ன? அந்த இடம் முழுக்க அதில் இருந்தது.

படம் பார்க்கும் நாள் என்று ஒன்று உண்டு. நெகட்டிவ் இல்லாமல் பிலிமே படமாக வரும் ஸ்லைடுகளைச் சாரின் அறையில் வெளிச்சப் பெட்டி மேல் வரிசையாக வைப்பேன். அவர் ஒரு கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக் குனிந்து பார்ப்பார். வேண்டியதை இடப்பக்கம் தள்ளுவார். வேண்டாததைக் கத்தரியால் நடுவில் வெட்டிக் கூடையில் போடுவார். வேறு யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதாம். அந்தக் கத்தரிச் சத்தம் எனக்குப் பழகிப்போன சத்தம். குப்பத்துப் படங்கள் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது எந்த லென்ஸு?"

"என்னுது சார்."

"ஃபிலிம்?"

"உங்களுது."

தலையை ஆட்டினார். கத்தரியை எடுத்தார்.

"சார், அதை வெட்டாதீங்க. ஃபிலிம் காசைச் சம்பளத்துல பிடிச்சிக்கோங்க."

"காசு கெடக்குதுப்பா. இதை எவன் மாட்டுவான் சொல்லு? குப்பத்தை எவன் சுவத்துல மாட்டுவான்?"

"அங்க குடியிருக்கிறவன் மாட்டுவான்."

"அவன் காலண்டர் வாங்கமாட்டான், தானியேலு" என்று அன்பாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டினார். கிழவர் இரண்டாக விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதும் வேலையை விட்டேன். செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கும் ஸ்டுடியோ போட்டேன். அதில் எல்லார் முகமும் சட்டத்துக்குள் வரும். அந்த நிம்மதி போதும் என்று இருந்தேன்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் வந்தது. அந்தக் குப்பத்தில் போனவர்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். எழுத ஆரம்பித்தால் லென்ஸைப் பற்றிப் பேசுவதே கேவலமாகத் தெரியும். ஓலை வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. மெத்தை வீட்டின் சுவர்கள் விழுந்து தளம் சரிந்து கிடந்தது. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, இடிபாட்டை அகற்றித் தருகிறோம் என்று விடுதிக்காரர்கள் மண் அள்ளும் எந்திரம் கொண்டுவந்தார்கள். உதவி என்று பேப்பரில்கூட வந்ததாம். அந்த எந்திரம் அஞ்சலை வீட்டு அஸ்திவாரக் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. சுத்தமாக மணலைப் பரப்பிவிட்டுப் போனது.

கொஞ்ச மாதம் கழித்து அஞ்சலை என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தாள்.

"இன்னா அண்ணாத்த, என்னை மறந்துட்டியா? என் வூட்டு மாடில ஏறி நின்னியே."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னாள். பழைய இடத்திலேயே கூரை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார்கள். படகு அங்கேதான் ஏறும், இறங்கும். அங்கே குப்பமே கிடையாது, தெற்கே கழிமுகத்தில்தான் இருந்தது, இது எப்போதும் வெறும் மணல் என்று விடுதிக்காரர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள். இடத்துக்குப் பட்டா கிடையாது. ரேஷன் கார்டில் ஊர்ப் பெயர்தான் இருக்கிறது, எந்த மணல் என்று இல்லை. விடுதிக்காரர்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் ஒரு காலண்டர்.

"எங்க வூடு அங்க இல்லவே இல்லியாம். இந்த மணல்ல நின்னு எட்த்ததுன்னு படத்துல காமிக்கிறானுங்கோ. ஒரு கூரகூட இல்ல, மணலும் இல்ல, வெறும் கடலும் கோயிலும் கீது. அது நீ எட்த்த படம்னு சொன்னாங்கோ. நெசமா?"

"நான்தான் எடுத்தேன்."

"எங்க வூட்ல டீ குட்சிட்டு, எங்க மாடில நின்னுகினு, எங்க வூட்டயே இல்லாத பண்ணிட்டீங்களே. வேற போட்டோ வச்சினுகீறியா?"

கத்தரியைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. "விசாரணைக்கி ஆபீசரம்மா வராங்கோ. நீயும் வா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையே சாருக்கு போன் செய்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அதே குரல். "தானியேலு, அது விடுதிக்காரங்க சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்றார். "அந்த இடத்துல வீடு இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்" என்றேன். "படத்துல என்ன இருக்கோ அதைத்தான் நான் சொல்ல முடியும்" என்று வைத்துவிட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. பொறுமையானவர். மணலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் குப்பத்து ஜனங்கள். இன்னொரு பக்கம் விடுதி மேலாளர், அவரோடு சார், கையில் சுருட்டிய காலண்டர். வேட்டியில் மணல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது சுனாமிக்கு முன்னாடி எடுத்தது. இதே இடம். ஒரு குடிசை தெரியுதா பாருங்க" என்றார் சார்.

"அதை எடுத்தவன் நான்தாம்மா. எங்கே நின்னு எடுத்ததுன்னு இவங்களையே கேளுங்க" என்றேன் நான்.

"இங்கதான். இந்த மணல்ல" என்றார் மேலாளர்.

நான் அதிகாரியைக் கூப்பிட்டு, மணலில் நிறுத்தி, கையில் காலண்டரைக் கொடுத்தேன். பாறையைப் பார்க்கச் சொன்னேன். எதிரே பாறை கடல்கோட்டைத் தாண்டி எழும்பி, கோயிலின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. காலண்டரில் பாறைக்கு மேலே கடல் தெரிந்தது, கோயில் முழுதாக இருந்தது. முன்னே போனார், பின்னே போனார். எங்கே நின்றாலும் பாறை எழும்பியே நின்றது.

"லென்ஸ் வேறயா இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"எந்த லென்ஸ் போட்டாலும் பாறை குனியாதும்மா. லென்ஸ் கிட்டே இழுக்கும், தூரத் தள்ளும். எது எதை மறைக்குதுங்கறது நாம நிக்கிற இடத்தைப் பொறுத்தது. பாறையைவிட உயரமா நின்னாத்தான் இந்தப் படம் வரும்."

குப்பத்துப் பையன்கள் தென்னந்தோப்பிலிருந்து ஒரு ஏணியைக் கொண்டுவந்தார்கள். மெத்தை வீடு இருந்த இடத்தை அஞ்சலை காலால் கோடு கிழித்துக் காட்டினாள். நான்கு பேர் ஏணியை நிமிர்த்திப் பிடித்தார்கள். அதிகாரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினார். பாதி ஏணி ஏறியதும் நின்றார். கடலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"பாறை கீழே போயிடுச்சு. கோயில் மேல வந்துடுச்சு" என்றார்.

ஜனங்களிடம் ஒரு சலசலப்பு. சார் சிரித்தபடியே, "இங்க ஒரு மணல்மேடு இருந்துது மேடம். கடல் கரைச்சிடுச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது. அத்தனை வருடமும் சார் சார் என்று குழைந்த வாய், என்னை மீறிக் கத்தியது. "மணல்மேட்டுல அரை செகண்டு ஸ்டாண்டு நிக்குமாய்யா? நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழிலு, நீயே பொய் சொல்றியே. டீ குடிச்சியே, அந்த டம்ளரை மணல்மேட்டு மேலயா வச்ச?"

"கைப்பிடிச் செவுத்து மேல வச்சாரு" என்றாள் அஞ்சலை. "நான்தான் எட்த்துக்கினு போய்க் கழுவுனேன்."

சார் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண் இருக்கிறதே, பாறைக்கும் கோபுரத்துக்கும் நடுவே கோடு போட்ட கண், அதற்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே நின்றது. தெரியாமல் செய்பவனை மன்னிக்கலாம்.

அதிகாரி இறங்கி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்த இடத்துல ஒரு மெத்தை வீடு இருந்திருக்கணும்னு எழுதுறேன். அது எனக்குத் திருப்தி. மத்த வீடுங்க படத்துல இல்ல, நான் என்ன பண்றது?" என்றார்.

"என் வூட்டுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு எழுதுவியாம்மா?"

"இல்லன்னு எழுதமாட்டேன். இருந்துதுன்னும் எழுத முடியாது."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "நீ மேல நின்னுகினு இருந்தியே அண்ணாத்த. கீழ பாத்தியா இல்லியா? யார் யார் வூடு இருந்துச்சு, சொல்லு."

சொன்னேன். வேப்பங்குச்சிக் கிழவர் வீடு, கருவாடு காய்ந்த வீடு, நீலப் படகு நின்ற வீடு, வாசலில் வலை தொங்கிய வீடு, ஞாபகம் இருந்த மட்டும் விரலை நீட்டி நீட்டிச் சொன்னேன். வெட்டிய படங்கள் எனக்குள் அப்படியே இருந்தன. ஜனங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் சொன்னார்கள். சில பெயரைச் சொல்லும்போது யாரோ விசும்பினார்கள். அதிகாரி எல்லாவற்றையும் சாட்சி என்று எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முடிவு வரப் பல மாதம் ஆனது. அஞ்சலையின் வீடு இருந்ததற்கு ஆதாரம் உண்டு, அவள் ஒருத்தி மட்டும் அங்கே இருக்கலாம். மற்றவர்கள் பெரிய சாலைக்கு மேற்கே கட்டும் குடியிருப்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து படகுக்கு நடப்பதற்குள் மீன் விற்கிற நேரம் போய்விடும். என் வாய்மொழி சாட்சி வாய்மொழியாகவே போயிற்று. படம் பேசும் என்பார்கள். பேசியது. ஒரு வீட்டுக்கு மட்டும் பேசியது.

அஞ்சலை அந்த அனுமதியை வாங்கிக்கொள்ளவில்லை. "தனியா குந்திகினு நான் இன்னா பேயா?" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு சாலைக்கு மேற்கே போய்விட்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீயாவது இரு, பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கேமராவோடு கூப்பிட்டாள். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் படகுத்துறைக்கு அவளோடு நடந்து போனேன். இப்போது விடுதியின் மதில் தெற்கே நீண்டு அந்த மணலையும் வளைத்துக்கொண்டிருந்தது. மதிலுக்குள்ளே, சரியாக அவள் காலால் கோடு கிழித்த இடத்தில், மரப்படிகள் வைத்து ஒரு மேடை கட்டியிருந்தார்கள். கடல் பார்க்கும் மேடையாம். காலண்டரைப் பார்த்துவிட்டு வரும் விருந்தாளிகள் மணலில் நின்று தேடியிருக்கிறார்கள். பாறை கோயிலை மறைத்திருக்கிறது. அதனால் உயரம் வேண்டியிருக்கிறது. வெயில் தொப்பி போட்ட சிலர் மேலே நின்று, டிஜிட்டல் கேமராவில் பாறையும் கோபுரமும் ஒன்றாக வரும்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குளிர்பான டம்ளரைக் கைப்பிடி மேல் வைத்திருந்தார்.

அஞ்சலை கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"மாடிய மட்டும் கட்டிக்கினுகீறானுங்க. வூட்டக் காணோம்" என்றாள்.

மதில் ஓரமாக ஒரு காவலாள் வந்து, "இங்க நிக்கக் கூடாது, அந்தப் பக்கமா போங்க" என்றான். எங்கே நிற்பது என்று எனக்கு எவனும் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் மிரண்டுபோய்விட்டான். பாவம், அவனும் மாதச் சம்பளக்காரன்தான். இருந்தாலும் கத்தினேன்.